‘கொஞ்சம்’ கணக்கில் ஏறிய கதை

போர்ட் கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டுச் சமையலறைக்கு இரண்டு சத்தங்கள் பழக்கம். ஒன்று, வடதுறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கப்பல் சங்கு. இன்னொன்று, வாசல் கேட்டைத் திறக்கும்போதே மாமா போடும் குரல்: “சோறு ஆச்சா?” அதற்கு அத்தை ‘ஆச்சு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை, ‘இல்லை’ என்று சொல்லியும் கேட்டதில்லை. “ஆவுதுங்க, இருங்க” என்பார். மூலையில் ரைஸ் குக்கர் தன்பாட்டுக்கு ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த ‘ஆவுது’வுக்குள் இரண்டு நிமிடமும் இருக்கலாம், இருபது நிமிடமும் இருக்கலாம். எவ்வளவு என்பது அத்தையின் குரல் இழுப்பில் இருந்தது. அதைக் கேட்டே மாமா குளிக்கப் போவதா, தட்டை எடுத்து வைப்பதா என்று முடிவு செய்தார்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய பிழைப்பும் இப்படிப்பட்ட ஒரு சொல்லில்தான் தொங்கியது. கீழே நிற்பவர் மலாயில் “சிக்கிட் லாகி… சிக்கிட் லாகி… பெலான்-பெலான்” என்பார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மெள்ள மெள்ள. எத்தனை அங்குலம் என்று யாரும் சொன்னதில்லை. இருபது டன் பெட்டி அந்தச் சொல்லைக் கேட்டு லோரியின் முதுகில் போய் உட்கார்ந்தது. வீட்டில் அத்தையிடம் குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டாலும் பதில் மலாயில்தான் வந்தது: “அகாக்-அகாக் போட வேண்டியதுதான்.” குத்துமதிப்பாக, கண்ணளவில் என்று பொருள். இந்தக் ‘கொஞ்சம்’, ‘சிக்கிட்’, ‘அகாக்’ எல்லாம் பல நூறு ஆண்டுகளாக உலகத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் எந்தக் கணக்குப் புத்தகமும் அவற்றுக்கு ஒரு வரி இடம் கொடுக்கவில்லை. அந்த வரி எழுதப்பட்டதற்குக் காரணம், ரத்தான ஓர் இரவு விருந்து.

தமிழ் இலக்கணம் இந்த நடுச்சொற்களை வெகுகாலம் முன்பே மதித்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், கேள்விக்கு வரும் விடைகளை எட்டு வகையாகப் பிரித்தார். ‘இதைச் செய்வாயா?’ என்ற கேள்விக்குச் ‘செய்வேன்’ என்பது நேர் விடை. ‘செய்யேன்’ என்பது மறை. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. ‘நீயே செய்’ என்றால் ஏவல் விடை. ‘செய்யாமல் இருப்பேனா?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘உடம்பு வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். ‘கை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘ஆடுவாயா?’ என்பதற்குப் ‘பாடுவேன்’ என்று சொன்னால் அது இனமொழி. எட்டு நாற்காலியில் ஆமுக்கும் இல்லைக்கும் கிடைத்தவை இரண்டே இரண்டு. பவணந்தி சமண முனிவர். ஒரே பொருளைப் பற்றி ‘ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் உண்டும் இல்லையும், ஒருவகையில் சொல்லவே முடியாது’ என்றெல்லாம் பேசலாம் என்று வாதித்த சமயம் அது. தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த காமராசர் வந்தவர்களிடமெல்லாம் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பியபோது, அந்தச் சொல்லைக் கேட்டே காரியம் நடக்குமா நடக்காதா என்று புரிந்துகொண்டு போனவர்கள் இந்த மரபின் பிள்ளைகள்தான். ஆனால் இயந்திரங்களின் உலகம் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தது.

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே ஐரோப்பியத் தருக்கம் ‘உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் இல்லை’ என்ற தூணில் நின்றது. 1854இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் பூல் அதை 1, 0 என்ற இரண்டு எண்களின் கணக்காகவே சுருக்கிவிட்டார். 1937இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர், சாதாரண மின்சுவிட்சுகளை வைத்தே அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். அதன் மேல்தான் கணினி எழுந்தது. நடுவே 1920இல் போலந்தின் யான் லூகாசியேவிச் ‘ஒருவேளை’ என்ற மூன்றாவது மதிப்பைக் கொண்டுவந்தார். அது தருக்கவியலாளர்களின் காகிதத்தோடு நின்றது. சுவிட்ச் போட்டால் எரியும், அணைத்தால் அணையும். ‘கொஞ்சம்’ என்ற சொல் கோட்டைக்கு வெளியே நின்றது. கதவைத் திறந்துவிட்டவர் கோட்டைக்கு உள்ளேயே இருந்தார்.

லோட்ஃபி ஸாதே 1921இல் பாகு நகரில் பிறந்தார். தந்தை ஈரானியப் பத்திரிகையாளர், தாய் ரஷ்யக் குழந்தை மருத்துவர். பத்து வயதில் குடும்பம் டெஹ்ரானுக்கு வந்தது. அங்கே மின்பொறியியல் படித்துவிட்டு 1944இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பிறந்த ஊரில் ஒரு மொழி, வளர்ந்த ஊரில் ஒரு மொழி, பிழைத்த ஊரில் ஒரு மொழி. கிள்ளானில் மூன்று மொழியைக் கலந்தே பேசி வளர்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது. 1963இல் அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் துறைத்தலைவர் ஆனார். துல்லியமான கணிதத்தில் உலகப் பெயர் வாங்கியவர். அந்தத் துல்லியத்தின் மேலேயே அவருக்குள் ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது.

1964 ஜூலை. நியூயார்க்கில் பெற்றோரின் வீட்டில் ஸாதே தங்கியிருந்தார். அன்றிரவு நண்பர்களோடு சாப்பிடப் போவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அது ரத்தானது. போக வேறு இடமில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். ‘உயரமான மனிதர்கள்’ என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறோம். ஆறடி இருப்பவர் அதில் சேர்த்தி. ஐந்தடி எட்டங்குலம் இருப்பவர்? உள்ளேயா, வெளியேயா? கணிதம் கோடு கிழித்து ஒரு பக்கம் தள்ளச் சொன்னது. அந்தக் கோட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒருவர் அந்தக் கூட்டத்தில் முழுதாக இல்லாமல், பாதி இருக்கலாம், முக்கால் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால்? பசித்த வயிற்றோடு வந்த யோசனையோ என்னவோ, அந்த இரவின் கேள்வி அவரைப் பிறகு விடவே இல்லை.

1965 ஜூனில் ஓர் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வந்தது. நட்சத்திர மீனும் பாக்டீரியாவும் ‘விலங்கு’ என்ற கூட்டத்தில் உள்ளவையா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாதே என்ற சாதாரணச் சந்தேகத்திலிருந்துதான் அது தொடங்கியது. அதற்கு அவர் கொடுத்த வழி மிக எளிது. 0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் முழுமையாக உண்டு, நடுவில் 0.3, 0.6, 0.85 என்று எதுவும் ஆகலாம். தேநீரை எடுத்துக்கொண்டால் விளங்கும். ‘இந்தத் தேநீர் சூடாக இருக்க 60 சதவீத வாய்ப்பு உண்டு’ என்றால், உதடு வெந்தாலும் வேகலாம், ஆறிக் கிடந்தாலும் கிடக்கலாம், குடித்தால்தான் தெரியும். ‘இந்தத் தேநீர் 0.6 அளவுக்குச் சூடு’ என்றால் அதில் சந்தேகமே இல்லை. அது வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் மேலே. முதலாவது நிகழ்தகவு, தெரியாததைப் பற்றிய கணக்கு. இரண்டாவது, நன்றாகத் தெரிந்த ஒன்றின் அளவைப் பற்றிய கணக்கு. இந்த வித்தியாசம் புரியாமல்தான் உலகம் அடுத்த இருபது வருடம் அவரோடு சண்டை போட்டது.

தன் கண்டுபிடிப்புக்கு அவர் வைத்த பெயரும் சண்டைக்கு எண்ணெய் வார்த்தது. ‘ஃபஸி’ என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சு படர்ந்த, மங்கலான, குழம்பிய என்றெல்லாம் பொருள். குழம்பிய சிந்தனைக்கு யாரும் பணம் கொடுப்பார்களா? அதே 1965இல், உலகத்தின் மறுபக்கத்தில், கிள்ளானை ஒட்டிய ஷா ஆலமில் மட்சுஷிதா என்ற ஜப்பானிய மின்சாதன நிறுவனம் தன் மலேசியக் கம்பெனியைத் தொடங்கியது. கட்டுரைக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்போதைக்கு.

ஏச்சு இரண்டு பக்கமும் வந்தது. நிகழ்தகவுக்காரர்கள், இதில் தங்களிடம் இல்லாதது எதுவும் இல்லை என்றார்கள். பொறியியலாளர்கள், இது பொறியியலே இல்லை என்றார்கள். 1972இல் பிரான்சின் போர்தோ நகரில் நடந்த மாநாட்டில் ருடால்ஃப் கால்மன் எழுந்து நின்று ஸாதேவை எல்லோர் முன்னாலும் கடுமையாக விமர்சித்தார். கால்மன் சாதாரண ஆளல்ல. அவர் பெயரால் வழங்கும் கணிதம்தான் அப்போலோ விண்கலங்கள் நிலவுக்கு வழி கண்டுபிடிக்க உதவியது. பெர்க்லியிலேயே சக பேராசிரியரான வில்லியம் கஹான், இந்தத் தருக்கம் அறிவியலுக்குள் வந்த போதைப்பொருள் என்கிற அளவுக்குப் போனார். ஸாதே கோபப்படவில்லை, கூட்டங்களில் நிதானமாகப் பதில் சொன்னார், அடுத்த கட்டுரையை எழுதினார். 1973இல் வந்த கட்டுரையில் எண்களை இன்னும் பின்னால் தள்ளி, பேச்சுமொழியின் விதிகளையே வைத்துக் கட்டுப்பாட்டுக் கணக்கு போடலாம் என்றார். அது லண்டனில் தோல்வியில் மாட்டிக்கொண்டிருந்த ஒருவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

எப்ராஹிம் மம்தானி தான்சானியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு லண்டன் குவீன் மேரி கல்லூரிக்கு வந்திருந்தார். அவரும் அசிலியான் என்ற மாணவரும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன நீராவி எந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கொதிகலனின் அழுத்தம் ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும், எந்திரத்தின் வேகமும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்றைத் திருகினால் இன்னொன்று ஓடியது. தானாகக் கற்றுக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார்கள், அது சரிவரவில்லை. அந்த நேரத்தில் ஸாதேவின் கட்டுரையைப் படித்த மம்தானிக்கு ஒன்று உறைத்தது. கொதிகலன் பக்கத்தில் நிற்கும் மனிதர் எந்தச் சமன்பாட்டையும் போடுவதில்லையே, அவர் எப்படிச் சமாளிக்கிறார்?

அந்த மனிதர் மனதுக்குள் சொல்லிக்கொள்வதை அப்படியே விதிகளாக எழுதினார்கள். ‘அழுத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் மெதுவாக ஏறுகிறது என்றால், சூட்டைச் சிறிதே கூட்டு.’ ‘அழுத்தம் ரொம்பக் குறைவு, ஏறவும் இல்லை என்றால், நிறையக் கூட்டு.’ இப்படி இருபதுக்கும் மேற்பட்ட வரிகள். ஒரு நேரத்தில் ஒரே விதி மட்டும் வேலை செய்யாது. அழுத்தம் 0.7 அளவுக்குக் ‘கொஞ்சம் குறைவு’, 0.3 அளவுக்கு ‘ரொம்பக் குறைவு’ என்றால் இரண்டு விதிகளும் தத்தம் பங்குக்குப் பேசும். கருவி இரண்டையும் அந்த எடைக்கேற்பக் கலந்து சூட்டைக் கூட்டும். பஞ்சாயத்தில் எல்லோர் சொல்லையும் கேட்டு, அவரவர் தகுதிக்கேற்ப மதித்துத் தீர்ப்புச் சொல்வது போல. 1974இல் அந்தப் பொம்மை போன்ற எந்திரம் ஓடியது. வழக்கமான கட்டுப்பாட்டு முறையைவிடச் சீராகவே ஓடியது. ஆனால் ஆய்வுக்கூடத்துப் பொம்மையை நம்பி யார் தொழிற்சாலையைக் கொடுப்பார்கள்?

டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் கொடுத்தது. சிமெண்ட் சூளைகள் கட்டும் நிறுவனம் அது. உருளும் சூளையின் உள்ளே நடப்பதைச் சமன்பாட்டில் பிடிப்பது மிகக் கடினம். அனுபவப்பட்ட தொழிலாளி கண்ணாடித் துளை வழியாகத் தழலின் நிறத்தைப் பார்த்தே நிலக்கரியைக் கூட்டுவார், குறைப்பார். அவருக்குப் பாடம் சொல்லும் கையேட்டில் இருந்த வரிகளே ‘சற்று’, ‘அதிகமாக’ என்ற சொற்களால்தான் ஆகியிருந்தன. 1970களின் கடைசியில் அந்த வரிகளைக் கணினிக்குள் ஏற்றினார்கள், சூளை ஓடியது. என்னை இந்தக் கதையில் அதிகம் உலுக்கிய இடம் இதுதான். சூளைக்காரரிடம் இருந்ததை அதுவரை யாரும் அறிவு என்று எழுதி வைக்கவில்லை, கைப்பழக்கம் என்றே ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் இப்போது எந்திரத்துக்கு ஆசிரியராகப் போய் நின்றது. அடுத்து அது ஏறியது ரயிலில்.

ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தில் செய்ஜி யாசுனொபுவும் ஷோஜி மியாமொதோவும் செண்டாய் நகரச் சுரங்க ரயிலுக்குக் கட்டுப்பாடு அமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாடம் கேட்டது ரயில் ஓட்டுநர்களிடம். நல்ல ஓட்டுநர் நிலையத்தை நெருங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி மெள்ளப் பிடிக்கிறார். அதே யாசுனொபுதான் கொள்கலன் கிரேனுக்கும் இந்தத் தருக்கத்தைப் பொருத்தி 1986இல் கட்டுரை வெளியிட்டார். கம்பியில் தொங்கும் பெட்டி ஊசலாடாமல் போய் இறங்க வேண்டும் என்பதே அங்கே பிரச்சினை. கிள்ளானில் மாமா ‘சிக்கிட் லாகி’ கேட்டுச் செய்த அதே வேலை. 1987 ஜூலை 15 அன்று செண்டாய் ரயில் பயணிகளோடு புறப்பட்டது. நின்றுகொண்டு போனவர்கள் கைப்பிடியைப் பிடிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது நின்றது, கிளம்பியது. அந்தச் செய்தி ஆறுவதற்குள் டோக்கியோவில் ஒருவர் மேசைமேல் ஒரு குச்சியை நிறுத்தினார்.

சில நாட்கள் கழித்து அங்கே கூடிய உலக மாநாட்டில் தகேஷி யமகாவா என்ற பேராசிரியர் தன் ஃபஸி தருக்கச் சில்லுகளை வைத்துத் தலைகீழ் ஊசலைக் காட்டினார். சிறு பிள்ளைகள் உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்தி, அது சாயும் பக்கமெல்லாம் கையை நகர்த்துவார்களே, அதே விளையாட்டு. இங்கே கைக்குப் பதில் ஓடும் தட்டு. குச்சி விழவில்லை. பிறகு அதன் உச்சியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தை வைத்தார். தண்ணீர் தளும்பியும் விழவில்லை. அதன் பிறகு உயிருள்ள சுண்டெலி ஒன்றையே ஏற்றினார். எலி எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு உலகத்தில் சமன்பாடு கிடையாது. குச்சி அப்போதும் நின்றது. ஜப்பானிய நிறுவனங்களின் பொறியியலாளர்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஜப்பானுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஆங்கிலேயர் காதில் ‘குழப்பம்’ என்று ஒலித்த சொல், ஜப்பானியர் காதில் புதிதாக வந்த வெளிநாட்டுச் சொல்லாக, கறை எதுவும் இல்லாமல் விழுந்தது. 1990 பிப்ரவரியில் மட்சுஷிதா தன் ‘ஃபஸி’ சலவை எந்திரத்தை வெளியிட்டது. தண்ணீரின் கலங்கலை ஒளியால் பார்த்து, அழுக்கு கொஞ்சமா, நடுத்தரமா, அதிகமா என்று எடை போட்டு, துவைக்கும் நேரத்தை அது தானே முடிவு செய்தது. விற்பனை பறந்தது. அந்த ஆண்டின் புதுச்சொற்களுக்கான பரிசுகளில் ‘ஃபஸி’ தங்கப் பரிசே வாங்கியது. கேமரா, ஏர்கான், வெற்றிடத் துப்புரவுக் கருவி என்று எல்லாவற்றின் நெற்றியிலும் அந்தச் சொல் ஒட்டப்பட்டது. ஆனால் அது எதற்காகவே பிறந்தது போலப் பொருந்தியதோ, அந்தப் பொருள் சமையலறை மூலையில் முப்பத்தைந்து வருடமாக ‘டக்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அரிசி வேகவைக்கும் அந்தப் பானைக்கு ஒரு சோகமான முன்கதை உண்டு. 1950களில் தொஷிபா நிறுவனம் தானியங்கிச் சோற்றுப்பானை செய்யும் வேலையை யோஷிததா மினாமி என்ற சின்னப் பட்டறைக்காரரிடம் கொடுத்தது. அவர் வீட்டை அடகு வைத்தார். அவருடைய மனைவி ஃபுமிகோ, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, விடியலிலிருந்து இரவு வரை சோறு வடித்து வடித்து வெப்பத்தைக் குறித்து வைத்தார். குளிர் நாளில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. கொதி வந்தபின் இருபது நிமிடம் விட்டால் சோறு பதமாகும் என்பது தெரிந்தது. அந்த இருபது நிமிடத்தை எந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? வெளிப்பானை ஒன்றை வைத்து, இருபது நிமிடத்தில் சுண்டும் அளவுக்கு அதில் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. சுண்டியதும் தாண்டும், அப்போது இரண்டு உலோகத்தால் ஆன ஒரு தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். டக். 1955 டிசம்பரில் அது கடைக்கு வந்தது. அடுப்பின் முன்னே குந்தியிருந்த கோடிக்கணக்கான பெண்களை அந்த ‘டக்’ எழுப்பி நிறுத்தியது. ஆனாலும் அந்தப் பானைக்கு இரண்டு வார்த்தைதான் தெரிந்தது: வேகவில்லை, வெந்தது.

அத்தைக்கு வாய்த்த முதல் குக்கரும் அந்த வம்சம்தான். மட்சுஷிதாவின் ‘நேஷனல்’. தாய்லாந்து அரிசிக்கு அது பரவாயில்லை. கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடையிலிருந்து பொன்னி வாங்கி வந்த நாளில் குழைந்தது, பாஸ்மதி போட்ட நாளில் அடி தீய்ந்தது. பழைய அரிசி தண்ணீரை இழுக்கும், புது அரிசி சீக்கிரம் களியாகும். ஆறு பேருக்கு வைத்தால் சரி, ஒரு ஆளுக்கு வைத்தால் காந்தல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள். எடுத்து நசுக்கிப் பார்க்க அந்தக் குக்கருக்கு விரல் இல்லை.

1990ஐ ஒட்டி ஜப்பானிய நிறுவனங்கள் அதற்கு விரல் கொடுத்தன. அடியிலும் மூடியிலும் வெப்ப உணரிகள், நடுவே சோறு வைப்பவர்களிடம் கேட்டு எழுதிய விதிகள். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று முதலில் பார்க்கும். இளஞ்சூட்டில் அரிசியைக் கொஞ்ச நேரம் ஊற விடும். பிறகு முழுச் சூடு கொடுத்து, வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனிக்கும். வேகமாக ஏறினால் உள்ளே அரிசி கொஞ்சம். தயங்கித் தயங்கி ஏறினால் நிறைய. ‘நடுத்தரத்துக்குச் சற்று மேலே’ என்றால் அதற்கேற்ற தீ. கடைசியில் தீயைத் தணித்து, மூடி போட்டபடியே தம்மில் விடும். ஸாதேவின் 0.6, மம்தானியின் ‘சிறிதே கூட்டு’, சூளைக்காரரின் கண், செண்டாய் ஓட்டுநரின் கை எல்லாம் ஒரு சட்டிக்குள் வந்து சேர்ந்தன.

மாமா ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த குக்கர்தான் இப்போது போர்ட் கிள்ளான் வீட்டின் மூலையில் இருக்கிறது. பொத்தான்களுக்கு மேலே சின்ன எழுத்தில் ‘ஃபஸி லாஜிக்’ என்று அச்சடித்திருக்கிறது. பல வருடம் அதைப் பார்த்தும் நான் படித்ததில்லை. போன முறை போயிருந்தபோது அத்தை பொன்னி அரிசியைக் களைந்து போட்டார். சட்டியின் உட்சுவரில் தண்ணீருக்குக் கோடு போட்டிருந்தது; அதை அவர் பார்க்கவில்லை. அரிசிப் பரப்பில் ஆள்காட்டி விரலின் நுனியை வைத்தார். தண்ணீர் முதல் கணுவைத் தொட்டதும் குழாயை மூடினார். கொஞ்சம் யோசித்து இன்னும் ஒரு வாய் ஊற்றினார். “பழைய அரிசி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

திரையில் எத்தனை நிமிடம் என்று வரும் என நான் எதிர்பார்த்தேன். எண் வரவில்லை. சின்னக் கோடுகள் வட்டமாக ஓடிக்கொண்டே இருந்தன. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் அது எண்ணைக் காட்டும் என்றார் அத்தை. அதுவரை அதற்கே தெரியாது. அரிசி எவ்வளவு, எப்படிப்பட்டது, எவ்வளவு குடித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அது ஒரு முடிவுக்கு வருகிற நேரம் அது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. “சோறு ஆச்சா?”

அத்தை குக்கரைத் திரும்பிப் பார்த்தார். கோடுகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

“ஆவுதுங்க, இருங்க.”

மாமா ஒரு நொடி நின்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.